நைனாவின் நடப்பு தசை

கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டுவது பற்றி யாராவது என்னிடம் பேச்செடுத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். இப்போதெல்லாம் திரையிலேயே ஒரு இடத்தைத் தட்டினால் வேகம் ஏறிவிடுகிறதாம். சூடு ஏறினால் அதுவே நின்றுவிடுமாம், ஒன்றும் கெட்டுப்போகாதாம். ஆபீசில் ஒருவர் இதைப் பெருமையாகச் சொன்னார். நல்லது சாமி என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். சூட்டில் சிப் பொசுங்கிவிடுமோ என்று நானும் ஒரு காலத்தில் பயந்தவன்தான். பொசுங்கவில்லை. அது வேறு ஒன்று செய்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூரில், ஏரிப் பக்கம் இறங்கும் தெருவில், எங்கள் வீட்டு முன்னறைதான் எங்கள் கடை. 'கம்ப்யூட்டர் ஜாதகம், திருமணப் பொருத்தம், டி.டி.பி.' என்று வெளியே பலகை மாட்டியிருந்தோம். அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தவர் என் அப்பா. நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் தாத்தா காலத்து நிலம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போய்விட்டது. அதே மண்ணில் எழும்பிய ஒரு கம்பெனியில் நைனா லேத் ஓட்டினார். வேலை விட்டு வந்தால் குளித்தாலும் போகாத ஒரு எண்ணெய் வாடை அவரிடம் இருக்கும்.

மெஷின் வந்த அன்று முதல் ஜாதகம் அவருடையதுதான். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பிறந்த தேதியும் நேரமும் அவரே சொன்னார். நான் தட்டினேன். ஜாதக மென்பொருள் யாராக இருந்தாலும் நூற்றிருபது வயது வரைக்கும் தசையும் புத்தியும் வரிசையாகப் போட்டுவிடும். எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. கடைசிப் பக்கத்தில், அன்றைய தேதியைப் பார்த்து, இப்போது எந்தத் தசையில் எந்தப் புத்தி நடக்கிறது, அதற்குப் பலன் என்ன என்று போடும். நைனா பட்டியலைக் கடைசிவரை படித்துவிட்டுச் சிரித்தார். "நூத்தியிருவது வரிக்கும் போட்டு வெச்சிகீதே, உங்கம்மா தாங்குவாளா?" என்றார். உள்ளே இருந்து அம்மா என்னவோ திட்டினாள்.

அடுத்த பங்குனியில் ஒரு காய்ச்சல் வந்தது. மாத்திரையில் போய்விடும் என்று நினைத்தோம். நைனாதான் போனார்.

கருமாதி அன்று அவருடைய ஜாதகத்தை ஏரியில் விட்டோம். பழைய கையெழுத்து ஜாதகம், நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது, இரண்டையும். போனவரின் ஜாதகம் வீட்டில் இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இருந்தால் அவர் கணக்கு முடியாமல் நிற்பார் என்பார்கள். மெஷினுக்குள் ஒன்று இருக்கிறது என்பது யாருக்கும் நினைவில்லை. எனக்கும்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெற்றவர் போன வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதானால் வருஷத் திதிக்குள் செய்துவிட வேண்டும். தவறினால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். என் அக்காவுக்கு அப்போதுதான் திருமழிசையில் ஒரு இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். நல்ல மனுஷர். ஆனால் அவர் வீட்டில் மூன்று வருஷமெல்லாம் காத்திருக்க மாட்டோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். ஏற்கனவே பல இடம் வந்து தட்டிப்போனதில் அக்காவின் முகம் எப்படி ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியும். தை மாதம் முடிவானது. அந்தக் கல்யாணச் செலவுக்கு இருந்த ஒரே வழி முன்னறை மெஷின்தான். அது படுத்தால் கல்யாணமும் படுத்துவிடும்.

இந்த நேரத்தில்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசாக ஒரு சென்டர் திறந்தார்கள். அங்கே ஜாதகம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுமாம். எங்களிடம் வந்தவர்கள் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று போவார்கள், அப்படியே அங்கே போய்விடுவார்கள். ஆவணி முகூர்த்தக் கூட்டம் முழுக்க எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. பொறுமை எனக்கு அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது.

ஆவடியில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன், ரிச்சி தெருவில் ஒரு ஸ்பேர் கடையில் வேலை. அவன் வந்து கேபினட்டைத் திறந்து பார்த்துவிட்டு, உன் வீட்டிலேயே குதிரையைக் கட்டி வைத்துக்கொண்டு மாடு ஓட்டுகிறாயே என்று என்னைக் கிண்டல் செய்தான். அந்தப் பிராசஸர் முன்னூறு மெகாஹெர்ட்ஸில் ஓடுவதற்கு விற்றது. மதர்போர்டில் அரிசி அளவில் ஒரு கறுப்புத் தொப்பி, அதற்கு ஜம்பர் என்று பேர். அதை எடுத்து இடம் மாற்றிக் குத்தினால் போர்டின் வேகம் அறுபத்தாறிலிருந்து எழுபத்தைந்தாகும், எண்பத்து மூன்றாகும், நூறாகும். நூறில் வைத்தால் முன்னூறு, நானூற்றைம்பதில் பறக்கும்.

அவன் சொன்ன முறைகளை நான் ஒன்றும் மீறவில்லை. ஒரே தாவலாகத் தாவக் கூடாது, படிப்படியாக ஏற வேண்டும். எண்பத்து மூன்றில் ஹார்ட் டிஸ்க் முனகும், அங்கே தங்கக் கூடாது. மின்னழுத்தத்தை ஏற்றும் ஜம்பர் பக்கம் கையே போகக் கூடாது. பிராசஸர் மேலே இருக்கும் அலுமினியக் கட்டியை எடுத்துத் துடைத்துப் புதுப் பசை தடவி உட்கார வைக்க வேண்டும். மூடியைத் திறந்து போட்டு டேபிள் ஃபேன் வைக்க வேண்டும். அலுமினியத்தில் விரலை வைத்தால் எடுக்காமல் வைத்திருக்க முடிய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து அதையே திரும்பத் திரும்ப நாள் பூராவும் போட வைக்க வேண்டும்.

"எத்தினி வாட்டி கேட்டாலும் அதே பதில் சொல்லணும் மச்சான். ஒரு வாட்டி மாத்தி சொன்னாலும் எறங்கிடு. ஆசப்படாத."

விடை தெரிந்த கணக்குக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருந்தது ஜாதகம்தான். ஒருவருடைய ஜாதகத்தைப் பழைய வேகத்தில் போட்டு வைத்துக்கொண்டு, புது வேகத்தில் அதையே போட்டுப் போட்டு ஒப்பிட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒரு எழுத்து மாறினால் விடாமல் பீப் அடித்து நின்றுவிடும்.

அக்காவின் ஜாதகத்தைப் போடப் போகிறேன் என்றதும் அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். கல்யாணம் கூடி வரும் நேரத்தில் பெண்ணின் ஜாதகத்தைச் சும்மா சும்மா திறந்தால் கூடினது கலையும் என்றாள். என்னுடையதைப் போடட்டுமா என்றேன். ஏழரைச் சனி நடக்கிறது, அதைக் கிளறாதே என்றாள். அவளுடையதையோ கேட்கவே முடியாது. ஊரார் ஜாதகத்தை வைத்து விளையாடுவது பாவம் என்று அதற்கும் தடை போட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகாத ஜாதகம் வேண்டுமென்றால் அது இனி ஒன்றும் ஆக முடியாத ஆளுடையதாகத்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு நைனாவின் ஃபைல் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போவார்கள். எஸ்டேட் லீவு. மற்ற நாளில் காதில் விழுந்துகொண்டே இருக்கும் அந்த இரைச்சல் அன்றைக்கு இருக்காது. பகல் வேளையிலேயே தெரு 'ஓ'வென்று கிடக்கும். நான் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு நைனாவின் ஜாதகத்தை ஓட விடுவேன். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கடைசிப் பக்கம் திரையில் வந்து போகும். ஜாதகர் பெயர். நடப்பு: சனி தசை, சுக்கிர புத்தி. பலன்: ஆடை ஆபரணச் சேர்க்கை, இல்லத்தில் சுபகாரியம், ஜாதகர் தம் மகளுக்கு மணம் முடிப்பார்.

முதல் முறை அதைப் படித்தபோது எனக்கு உள்ளங்கால் வரை ஜில்லென்றது. மெஷினுக்கு என்ன தெரியும்? தேதியைப் பார்த்தது, சுக்கிர புத்தி என்று கணக்குப் போட்டது, சுக்கிர புத்திக்கு எழுதி வைத்த பலனை எடுத்துப் போட்டது. அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான். ஆனாலும் நைனா எங்கோ வேலைக்குப் போயிருக்கிறார், அவருக்கு என்னென்ன நடக்கப் போகிறது என்று மெஷின் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றே தோன்றியது. அடுத்த சுற்றிலும் மணம் முடிப்பார், அதற்கடுத்த சுற்றிலும் மணம் முடிப்பார்.

எழுபத்தைந்தில் ஒரு ஞாயிறு ஓடியது. எழுத்து மாறவில்லை. அடுத்த ஞாயிறு எண்பத்து மூன்றைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அதற்கு அடுத்த ஞாயிறு நூறு. ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றேன், பட்டாசு வைத்தவன் மாதிரி. மெஷின் சாதாரணமாக எழுந்தது. ஜாதகம் வந்த வேகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு சென்டர்காரனே, உனக்கு இருக்கிறது என்று சத்தமாகவே சொன்னேன்.

வெயில் உச்சிக்கு வந்தது. சூடான தூசியும் எண்ணெயும் கலந்த வாடை அடித்தது. ஃபேன் மோட்டாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அலுமினியத்தில் விரலை வைத்தேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது. வைத்திருக்க முடிந்தது, அதனால் எடுக்கவில்லை. அப்போது பீப் அடித்தது.

மாறியிருந்தது பட்டியல். சனி தசையில் சனி புத்தி, புதன் புத்தி, கேது புத்தி. அதோடு சரி. அதற்குக் கீழே வெறுமை. நூற்றிருபது வயது வரைக்கும் போக வேண்டிய பட்டியல் கேது புத்தியோடு முடிந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் நடப்பு என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. பலனும் இல்லை, மணம் முடிப்பாரும் இல்லை.

நைனா போனது கேது புத்தியில்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. மறுபடியும் ஓட விட்டேன். பட்டியல் முழுசாக வந்தது. மறுபடியும் முழுசு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேது புத்தியோடு நின்றது. ஃபேனை நேராகத் திருப்பினேன். நைனாவுக்குச் சுக்கிர புத்தி நடந்தது. ஃபேனை அந்தப் பக்கம் விலக்கினேன். சூடு ஏறியது, பட்டியல் நின்றது. எப்போது நின்றாலும் அதே வரியில் நின்றது, ஒரு வரி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நான் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

சரியான வேகத்தில் மெஷின் தப்பாகச் சொல்கிறது, நைனா இருக்கிறார் என்கிறது. தப்பான வேகத்தில் சரியாகச் சொல்கிறது. இதை இப்படி ஒரு வாக்கியமாக நினைத்துப் பார்த்ததும்தான் அடுத்த நினைப்பு வந்தது. அக்காவுடையதை இந்தச் சூட்டில் போட்டால் எங்கே நிற்கும்? அம்மாவுடையது? என் கை துறுதுறுத்தது. அம்மா பிறந்த வருஷத்தைத் தட்டியும் விட்டேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. தட்டியதை அழித்துவிட்டு நைனாவையே திரும்ப ஓட விட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

அக்கா நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அம்மா பிரசாதத் தட்டோடு முன்னறைக்குள் வந்தாள். மூடிவிடலாம் என்று எழுந்தேன், முடியவில்லை. திரையில் நைனாவின் பேர் தெரிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும்.

அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருக்கலாம். தட்டை மேஜைமேல் வைத்தாள். "ஏரியில வுட்டத திருப்பி இட்டாந்துட்டியா?" என்றாள்.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜம்பர், சூடு, கேது புத்தி, எல்லாம். நம்ப மாட்டாள் என்று ஃபேனைத் திருப்பியும் காட்டினேன். எதற்குக் காட்டினேனோ, இன்றுவரை தெரியவில்லை. ஒரு தடவை பட்டியல் முழுசாக ஓடியது. அடுத்த தடவை நின்றது. அம்மா நைனா உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, வெறுமையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, ஃபேனைத் தன் கையாலேயே மெஷின் பக்கம் திருப்பி வைத்தாள். சுக்கிர புத்தி வந்தது. மணம் முடிப்பார் என்பதை உதடு அசையப் படித்தாள்.

"இத்த பழைய வேகத்துக்கே மாத்திடு," என்றாள். "வேகமா ஓட்னா அவரு பூட்றாரு. மெதுவா ஓட்டு."

எனக்குக் கோபம் வந்தது. வருவோர் போவோரெல்லாம் கைவிட்டுப் போகிறார்கள், கல்யாணத்தை யார் செய்வது என்று கத்தினேன். அம்மா திரையைக் காட்டினாள். "அதான் போட்டுகீதே, அவரு பண்ணுவாருன்னு. நீ கம்னு கெட."

ஜம்பரை எடுத்து அறுபத்தாறில் குத்தினேன். கூட்டாளியிடம் சொன்னேன். அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூட்டில் சிப்புக்குள் ஏதோ ஒரு வழி தடுமாறும், ஒவ்வொரு முறையும் அதே வழிதான் தடுமாறும், அதனால் ஒரே வரியில் நிற்கிறது என்றான். ஏன் அந்த வரி என்று கேட்டேன். "சூடு ஏறிச்சின்னா அது இன்னா வோணா சொல்லும் மாமே, நீ ஏன் காது குடுக்குற" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, தன் வீட்டு ஜாதகத்தை மட்டும் அதில் போட்டுவிட வேண்டாம் என்றும் சொன்னான்.

அதற்குப் பிறகு தை வரைக்கும் தினமும் கடை திறக்குமுன் அம்மா முன்னறைக்கு வருவாள். நைனாவுடையதைப் போடச் சொல்வாள். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போவாள். ஒரு நாள் நான் பல் தேய்த்துவிட்டு வரும்போது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. பந்தல்காரர் வந்துபோனதையும், அக்காவுக்கு அரக்குப் புடவை எடுத்ததையும் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையிடையே பதிலுக்குக் காத்திருப்பதுபோல நிறுத்தினாள். மெஷின் ஃபேனின் உறுமல் மட்டும் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. அக்காவுக்கோ அந்த அறையைக் கண்டாலே ஆகவில்லை. பெருக்கக்கூட வர மாட்டாள். என் கல்யாணத்துக்கு வேற யாரும் கிடைக்கலையா என்று என்னிடம் ஒரு நாள் அழுதாள்.

வேகம் இல்லாத குறையை நான் கூடுதல் நேரம் உட்கார்ந்து சரிக்கட்டினேன். பத்திரிகை, மொய்க் கவர், வாழ்த்து மடல் என்று கிடைத்ததையெல்லாம் அடித்தேன். என்னவோ, கல்யாணம் தட்டவில்லை.

முகூர்த்தம் காலையில். வீட்டைப் பூட்டும் நேரம் அம்மா என்னை நிறுத்தினாள். "உள்ள போயி அவர எழுப்பி வுட்டு வா," என்றாள். வாசலில் வண்டி நிற்கிறது, உறவுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனாலும் போய் மெஷினைப் போட்டேன். ஒப்பிடும் புரோகிராமை ஓட விட்டேன். ஃபேனைத் திருப்பி வைத்தேன். ஜாதகர் தம் மகளுக்கு மணம் முடிப்பார். கதவைப் பூட்டினேன்.

மண்டபத்தில் மாமாவும் அத்தையும் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். அம்மா தூண் ஓரமாகத்தான் நின்றாள். பெற்றவளை ஓரமாக நிறுத்தும் இந்த வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அம்மா அழவில்லை. தாலி ஏறும்போது மேடையைப் பார்க்காமல் தன் பக்கத்து இடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. இருந்தும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டுத்தான் நின்றிருந்தாள்.

அக்காவைத் திருமழிசைக்கு அனுப்பிவிட்டு நானும் அம்மாவும் வீட்டுக்குத் திரும்பியது பிற்பகல். கேட்டைத் திறக்கும்போதே கேட்டது. பூட்டிய வீட்டுக்குள் பீப் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அடிக்கிறதோ. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே டேபிள் ஃபேன் நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டியல் கேது புத்தியோடு நின்றிருந்தது. நடப்பு என்ற இடம் வெறுமையாக இருந்தது. நான் ஓடிப்போய் அலுமினியத்தில் விரலை வைத்தேன். சுடும், சுட்டே ஆக வேண்டும் என்று வைத்தேன். சூடே இல்லை. ஜம்பரைப் பார்த்தேன். அறுபத்தாறில்தான் இருந்தது. அந்த வேகத்தில் பட்டியல் பாதியில் நின்றது அதுவே முதல் முறை. மறுபடியும் ஓட விட்டேன். கேது புத்தி. மறுபடியும் கேது புத்தி. பிறகு ஊர் ஜாதகமெல்லாம் அதே மெஷினில் வருஷக்கணக்காகச் சரியாக வந்தது, நைனாவுடையது மட்டும் ஒரு தடவைகூட முழுசாக வரவில்லை. அந்த ஞாயிறுகளில் பட்ட சூட்டில் ஃபைலோ சிப்போ புண்ணாகியிருக்கும் என்று கூட்டாளி பிற்பாடு சொன்னான். இருக்கலாம்.

அம்மா திரைக்கு முன்னால் நின்று படித்தாள். புடவைத் தலைப்பால் திரையை ஒரு தடவை துடைத்தாள், முகம் துடைத்துவிடுவதுபோல. பிறகு ஃபேனை அவளே நிறுத்தினாள்.

"அனுப்பி வெச்சிட்டு கெளம்பிட்டாரு," என்றாள். "இனிமே நீ எவ்ளோ வேகமா வோணா ஓட்டிக்கோ."

சொல்லிவிட்டு, கல்யாணப் புடவையை மாற்ற உள்ளே போனாள்.